இருபது முடியட்டும்

2025 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. நாச்சியார்கோயிலில் அம்மா வீட்டுக் கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று பழைய காலண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "கிழிச்சுடாதடி, பால் கணக்கு இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு" என்றாள். இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு அதைப் புரட்டியது மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் இருக்கும். இரண்டு வாரமாக அந்தப் பத்து நிமிடம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வருஷக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து இந்த ஆண்டு என்ன செய்தோம் என்று எழுதுகிறார்களே, நானும் எழுதலாம் என்று உட்கார்ந்தால் வேறு எதுவும் வரமாட்டேன் என்கிறது. அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக வேலை. படித்தது பி.காம். ஆடிட்டர் சாருக்கு அடுத்தபடி ஃபைல் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாத்திரக்கடை, வெற்றிலை மண்டி, ரைஸ் மில், மெடிக்கல், இரண்டு திருமண மண்டபம் என்று ஊரின் பாதி வரவுசெலவு எங்கள் அலமாரியில் இருக்கிறது. எங்களுக்கு மாதம் என்பது முப்பது நாள் அல்ல. 7, 11, 15, 20. ஏழாம் தேதி டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து வைத்த வரியைக் கட்ட வேண்டும். பதினொன்று ஜிஎஸ்டிஆர்-1, விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டி படிவம். பதினைந்து பிஎஃப், இஎஸ்ஐ என்கிற ஊழியர் சேமநிதி, காப்பீட்டுப் பணம். இருபது 3பி, மாதக் கணக்கைக் காட்டி ஜிஎஸ்டி கட்டும் படிவம். இந்த நான்கையும் தாண்டினால் மாதம் முடிந்தது என்று அர்த்தம். மிச்ச நாட்கள் அந்தத் தேதிகளுக்கு நடந்துபோகும் பாதை, அவ்வளவுதான்.

இதில் இருபதுதான் பெரிய தேதி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து வீட்டில் எதைக் கேட்டாலும் என் வாயில் வரும் பதில் ஒன்றே ஒன்று: "இருபது முடியட்டும்." மிக்சியில் பிளேடு மாற்ற வேண்டுமா, இருபது முடியட்டும். ஓரகத்தி வீட்டு வளைகாப்புக்குப் புடவை எடுக்க வேண்டுமா, இருபது முடியட்டும். என் மகள் ஏழாவது படிக்கும்போது ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "அம்மா, இந்த இருபது எப்பதான் முடியும்?" என்று கேட்டது ஆபீஸ் ஜோக்காகவே ஆகிவிட்டது. ஆடிட்டர் சார் இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

2025 தொடங்கும்போதே கனமான வருஷம் என்று தெரியும். பாப்பா பிளஸ் டூ. மார்ச் 3 தொடங்கி 25 வரை தேர்வு. அதே மார்ச்சில்தான் 15-ந் தேதி அட்வான்ஸ் டாக்ஸ், 31-ந் தேதி வருஷக் கணக்கு முடிப்பு. அவள் ஒரு மேஜையில் இயற்பியல் படிக்க, எதிர்ப்பக்கம் நான் லேப்டாப்பில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகளோடு விழித்திருக்கும் அம்மா என்று பக்கத்து வீட்டு அக்கா பாராட்டினார். நான் மறுக்கவில்லை. மே 8-ம் தேதி ரிசல்ட் வந்தபோது ரைஸ் மில்லில் தவிட்டு வாசனைக்கு நடுவே ஸ்டாக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போனில் அவள் மார்க் சொன்னதும் மில் முதலாளி தன் டிரைவரை அனுப்பி அரைக்கிலோ பால்கோவா வாங்கிவரச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது மணி ஒன்பதரை.

இந்த வருஷக் கதையைச் சொல்ல அது போதும். கவுன்சலிங், கோயம்புத்தூரில் இடம், ஆகஸ்ட்டில் ஹாஸ்டல், அங்கே பக்கெட் வாங்கியது, மக் வாங்க மறந்தது எல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். திரும்பி வரும் ரயிலில் இவர் அழுதார், நான் அழவில்லை. எனக்குப் பக்கத்து சீட்டில் போன் சார்ஜ் ஏறுகிறதா என்கிற கவலை.

தள்ளிப்போன தேதிகள்

இந்த வருஷத்தின் விசேஷம் என்னவென்றால், தேதிகள் எல்லாம் தள்ளிப் போயின. தொழிலில் இல்லாதவர்களுக்கு இது நல்ல செய்தியாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. மே 27-ந் தேதி, வருமான வரி ரிட்டர்னுக்கு ஜூலை 31 அல்ல, செப்டம்பர் 15 என்று அறிவிப்பு வந்ததும் ஆபீஸில் விசில் பறந்தது. ஆடிட்டர் சார் வெங்காய பஜ்ஜி வாங்கித் தந்தார்.

அன்று சாப்பிட்ட பஜ்ஜிக்கு செப்டம்பரில் வட்டி கட்டினோம். ஜூனில் வர வேண்டிய பார்ட்டிகள், "அதான் செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கே மேடம்" என்று ஆகஸ்ட்டில் வந்தார்கள். ஆகஸ்ட்டில் வர வேண்டியவர்கள் செப்டம்பர் 12-ந் தேதி வந்தார்கள். இதில் பாதிப் பேர், "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு பட்ஜெட்ல சொன்னாங்களே, நான் எதுக்கு மேடம் கட்டணும்?" என்று சண்டைக்கு வந்தவர்கள். அது அடுத்த வருஷக் கணக்குக்கு, இப்போது போடுவது போன வருஷத்து ரிட்டர்ன் என்று ஒவ்வொருவருக்கும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், "அப்ப அடுத்த வருஷமே போட்டுக்கலாமா?" என்பார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்கிழமை. இரவு பத்து மணிக்கு இன்னும் ஒன்பது ரிட்டர்ன் பாக்கி. நாடு முழுக்க ஒரே வாசலில் நின்றால் நெரிசல் இருக்கத்தான் செய்யும், அன்றைக்குள் 7.3 கோடிக்கு மேல் ரிட்டர்ன்கள் தாக்கலாகியிருந்ததாகப் பிறகு செய்தி வந்தது. திரையில் வட்டம் சுற்றுகிறது. ஓடிபி ஒரு பெரியவரின் போனுக்குப் போகிறது, அவர் தூங்கிவிட்டார், அவர் மருமகளைப் பிடித்து எழுப்பச் சொல்கிறேன். அந்த நேரத்தில் பாப்பா கூப்பிடுகிறாள். ஹாஸ்டல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. கட் செய்தேன். மறுபடி கூப்பிட்டாள். "டியூ டேட்" என்று இரண்டே வார்த்தை அனுப்பினேன். அப்புறம் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

ஏறக்குறைய நள்ளிரவில், ஜூனியர் பையன் நாற்காலியிலிருந்து துள்ளினான். "மேடம், ஒரு நாள் தள்ளியாச்சு!" 16-ந் தேதி வரை நீட்டிப்பு. அவன் கை தட்டினான். நான் லேப்டாப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. யாரோ என் பையில் கைவிட்டு எதையோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. கடைசித் தேதி என்று நம்பித்தானே அந்தப் போனை எடுக்காமல் விட்டேன்? தள்ளக்கூடிய தேதி என்று பத்து மணிக்கே தெரிந்திருந்தால்? பாப்பாவை ஒரு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள். நான்கு தடவை சும்மா கூப்பிடுவார்களா? இன்றுவரை அது என்னவென்று எனக்குத் தெரியாது.

அதோடு நிற்கவில்லை. 21-ந் தேதி மகாளய அமாவாசை. அப்பாவுக்காக அம்மா விரதம் இருப்பாள், நான் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். போனேன். வாழைக்காய்ப் பொரியலைத் தொடும்போது பாத்திரக்கடைக்காரர் போன்: "ராத்திரி பன்னெண்டு மணியிலேர்ந்து பித்தளைக்கு அஞ்சு பர்சென்ட்தானே, பில்லிங்ல மாத்திட்டீங்களா?" மறுநாள் 22-லிருந்து புது ஜிஎஸ்டி விகிதம். பித்தளைப் பாத்திரம் 12-லிருந்து 5. நோட்டுப் புத்தகத்துக்கு வரியே இல்லை. பெரிய டிவி 28-லிருந்து 18. மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். அம்மா பாயசத்தை ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள். அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, கடைப் பையனுக்கு எந்த மெனுவில் போய் வரியை மாற்ற வேண்டும் என்று போனில் சொல்லிக்கொண்டே வந்தேன். புடவையெல்லாம் பாயசம்.

டாக்ஸ் ஆடிட்டுக்கு, அதாவது பெரிய வியாபாரக் கணக்குகளை ஆடிட்டர் சரிபார்த்துத் தரும் அறிக்கைக்கு, செப்டம்பர் 30 என்றது அக்டோபர் 31 ஆனது, பிறகு நவம்பர் 10 ஆனது. அந்தக் கணக்குகளுக்கான வருமான வரி ரிட்டர்ன் டிசம்பர் 10-க்குப் போனது. ஒவ்வொரு முறையும் விசில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தேதி தள்ளிப்போனால் வேலை குறைவதில்லை, பரவுகிறது. இது புரிய எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆனது. ஒருநாள் பிழிந்தெடுத்துவிட்டு விடுகிற வேலை, ஐந்து நாளைக்கு விரல் விரலாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

கண்

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. எழுபத்திரண்டு வயது. விளக்குத் திரியைத் தூண்டப்போய் விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் எங்களிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அக்டோபர் 15 அல்லது 22, இரண்டில் எது வசதி என்று கேட்டார்கள். அம்மா யோசிக்காமல் 22 என்றாள். தீபாவளி 20-ந் தேதி. அதிரசம் சுட்டு முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நான் இவரிடம் சொல்லிச் சிரித்தேன். அப்பா பட்டறையில் விளக்குக் கடைசல் பிடித்தவர், தீபாவளி நேரத்தில்தான் அவருக்குக் கையில் நாலு காசு பார்க்க முடியும். அதனால் அம்மாவுக்குத் தீபாவளி என்றால் ஒரு படி மாவாவது அதிரசம் சுட்டாக வேண்டும். எனக்கு அந்தக் காரணம் பொருத்தமாகவே இருந்தது.

3பி-யின் கடைசித் தேதியும் அதே 20. தீபாவளியன்றே. 19-ந் தேதி ராத்திரிக்குள் முடித்துவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று நாங்கள் வரிந்துகட்டிக்கொண்டிருந்தபோது, அந்த மாதத்துக்கு மட்டும் 25 வரை நீட்டிப்பு என்று வந்தது. வந்ததும் பார்ட்டிகள் பில் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். "25 வரைக்கும் இருக்கே மேடம், தீபாவளி வியாபாரத்தைப் பாக்க விடுங்க." அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அது செப்டம்பர் மாத ரிட்டர்ன். 21 வரை பழைய வரி, 22-லிருந்து புது வரி, ஒரே மாதத்தில் இரண்டு கணக்கு. பழைய விலையில் விற்றுத் திரும்பி வந்த சரக்குகள் வேறு. ஆக, 21 முதல் 25 வரை தலை நிமிர முடியாது என்று ஆகிவிட்டது.

22-ந் தேதி அடைமழை. டெல்டா முழுக்கக் குறுவை நெல் நனைந்து முளைவிட்டுக் கிடந்த வாரம் அது. இவர் பஸ் கண்டக்டர். டூட்டியை மாற்றிக்கொண்டு அம்மாவோடு காலையிலிருந்தே இருந்தார். நானும் ஏழு மணிக்குப் போய்ப் படிவமெல்லாம் எழுதிக் கொடுத்தேன். பத்து மணிக்கு அம்மாவைப் பச்சை அங்கி மாட்டி உள்ளே அழைத்துப் போனார்கள். நான் மாடிப்படி ஓரத்தில் நின்று மெடிக்கல் ஷாப்காரருக்கு 2பி-யில், அதாவது வாங்கிய சரக்குக்கு வரிக் கழிவு காட்டும் ஜிஎஸ்டி பட்டியலில், ஏன் அவருடைய சப்ளையர் பில் வரவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மா ஒற்றைக் கண்ணில் கட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊட்டிவிடவா என்றேன். கண்ணில்தானே ஆபரேஷன், கையில் இல்லையே என்றாள். அப்புறம், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இருபது முடிஞ்சுதானடி போட்டேன்?"

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. "தேதியைத் தள்ளிட்டாங்கம்மா, இருபத்தஞ்சு" என்றேன்.

"தள்ளினா நல்லதுதானே? நீ இருக்கலாமே?"

"தள்ளினா வேலையும் நீளும்மா."

"ஓ" என்றாள். "எனக்குத் தெரியாம போச்சு." ஏதோ அவள் தவறு மாதிரி.

வ

இனி காலண்டருக்கு வருகிறேன். பாத்திரக்கடை பார்ட்டி வருஷா வருஷம் எங்களுக்கு முருகன் படம் போட்ட மாதக் காலண்டர் நாலைந்து தருவார். ஒன்று ஆபீஸில் என் மேஜைக்கு எதிரே. ஒன்று எங்கள் வீட்டில். ஒன்று அம்மாவுக்கு. அம்மாவுடையதில் ஆணியிலிருந்து நூலில் ஒரு பென்சில் துண்டு தொங்கும். பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி. கூடுதலாக வாங்கிய நாளுக்கு ½. சிலிண்டர் வந்த நாளுக்கு ‘கே’. இதெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். அக்டோபர் 22-ல் ‘கண்’ என்று எழுதி, அதற்கடுத்த வாரத்திலிருந்து வரிசையாக 6, 5, 4, 3, 2, 1 என்று வாரத்துக்கு ஓர் எண். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்கிற கணக்கு. அதையும் புரிந்துகொண்டேன்.

புரியாதது இன்னொன்று. ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். என் ஆபீஸ் காலண்டரில் நான் சிவப்பு பேனாவில் போடுகிற அதே வட்டம், இங்கே பென்சிலில், கொஞ்சம் கோணலாக. அக்டோபரில் மட்டும் இருபதின் மேல் குறுக்கே அடித்து, இருபத்தைந்தைச் சுற்றி இன்னொரு வட்டம். 3பி என்றால் என்னவென்றே தெரியாத, வரி கட்டும் அளவுக்கு வருமானம் பார்த்திராத ஒரு கிழவி, அவள் காலண்டரிலும் தேதியை நீட்டித்திருக்கிறாள்.

வட்டத்துக்கு அடுத்து, 21-லோ 22-லோ, சில மாதம் 12-லும்கூட, ‘வ’ என்று ஓர் எழுத்து. ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டேன். வ என்றால் வந்தாள். நான் வந்த நாட்கள். கணக்குப் பிள்ளை புத்தி போகுமா? ஜனவரியிலிருந்து எண்ணினேன். இருபத்தாறு ‘வ’. "பரவாயில்லையேம்மா, இத்தனை வேலையிலும் இருபத்தாறு தடவை வந்திருக்கேன்!" என்றேன். நிஜமாகவே சந்தோஷம். பத்துக் கிலோமீட்டர், அரை மணி நேர பஸ். அதுவும் கண்டக்டர் பெண்டாட்டி. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு போகவில்லையே என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததற்கு ஒரு ரசீது கிடைத்த மாதிரி இருந்தது.

அம்மா அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டே சொன்னாள். "அது வந்ததுக்கு இல்லடி. வருவேன்னு நெனச்ச நாளுக்குப் போடறது. வந்தா மேல ஒரு கோடு இழுப்பேன்."

மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆமாம், சிலவற்றின் தலையில் ஒரு சின்னக் கோடு இருந்தது, பென்சில் மங்கி. பதினாலு. கோடு போட்டது பதினாலு, போடாதது பன்னிரண்டு. எங்கள் பாஷையில் அம்மா ‘புரொவிஷன்’ எழுதி வைத்திருக்கிறாள், அதாவது எதிர்பார்ப்பதை முன்கூட்டியே குறித்து வைப்பது, நான் அதை வரவு என்று எடுத்துக்கொண்டு விட்டேன். முதல் வருஷம் சேர்ந்த பையன் இந்தத் தப்பைச் செய்தால் ஒரு வாரம் திட்டியிருப்பேன்.

கோடில்லாத பன்னிரண்டில் சிலது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜூன் மாதத்து ஒன்று, ரைஸ் மில் நோட்டீஸுக்குப் பதில் எழுதிய நாள். நவம்பரில் ஒன்று, பஸ் ஸ்டாண்ட் வரை வந்துவிட்டு போன் வந்து திரும்பியது. மற்றவை ஒன்றும் ஞாபகமில்லை. அன்றைக்கு என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. அவளுக்கும் ஞாபகம் இருக்காது என்று நினைத்து, ஆகஸ்ட் 22-ஐக் காட்டி, "இன்னிக்கு எதுக்கும்மா எதிர்பார்த்த?" என்றேன். "கொத்தவரங்காய் வத்தல் போட்டிருந்தேன். நீ வந்து எடுத்துக்கிட்டுப் போவேன்னு" என்றாள் சட்டென்று. அந்த வற்றலை அப்புறம் எப்போதோ இவர் வாங்கி வந்தார். நாங்கள் சாப்பிட்டும் முடித்துவிட்டோம்.

டிசம்பர் 21-ல் ஒரு ‘வ’, கோடில்லை. நான் வந்து உட்கார்ந்திருந்த 28-ல் எதுவுமே இல்லை. 31-ந் தேதி ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் என்று போனில் சொல்லியிருந்தேன், அதனால் அம்மா அந்த வாரத்தில் என்னை எதிர்பார்ப்பதையே விட்டிருந்தாள். காலண்டர் கொடுக்கும் சாக்கில்தான் அன்று போனேன்.

எனக்குக் கோபம்கூட வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். எதற்காக என் ஆபீஸ் தேதியையெல்லாம் இவள் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டும்? பதினைந்தாம் தேதி ஒரு போன் போட்டு, "வாடி, கண்ணு தெரியல" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே. கேட்டும்விட்டேன். "பால்காரன் வராட்டா கேப்பேன், அவனுக்குக் காசு குடுக்கறேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குத்தலாகச் சொல்லத் தெரியாதவள் அம்மா. அதனால்தான் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனது.

காப்பி குடித்துவிட்டு 2026 காலண்டரை மாட்டினேன். பழையதிலிருந்து பென்சிலை அவிழ்த்துப் புதியதில் கட்டினேன். அம்மா கிட்டே வந்து, ஆபரேஷன் செய்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜனவரியைப் பார்த்தாள். 

"இந்த வருஷமும் இருபதுதானா?"

"இருபதுதான்."

பென்சிலை எடுத்து இருபதைச் சுற்றி வட்டம் போட்டாள். முன்பைவிட வட்டம் நேராக இருந்தது, கண் தெளிந்துவிட்டது. பிறகு 21-க்கு மேல் பென்சிலை வைத்தாள்.

"அங்க வேணாம்மா. பதினெட்டுல போடு. ஞாயித்துக்கிழமை."

"இருபதுக்கு முன்னாடியேவா?" திரும்பி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பென்சிலைக் கையிலேயே வைத்திருந்தாள். "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டாள். பென்சில் நூலில் இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரில் தட்டி நின்றது.